இருட்டாத மாதம்

அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம். குட்டிப்பெண் மிளகுக்கு மட்டும் முன்பல் ஒன்று குறைவு. விழுந்த பல்லைத் தீப்பெட்டியில் போட்டுவைத்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுகிறாள். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? இருபது வருஷமாக அதே ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பரிசோதிக்கிறாய். அங்கே ஸ்டூல் எங்கே இருக்கும் என்று தெரியாமல் எப்படிப் போய் இடித்துக்கொண்டாய்?

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வருஷமாக 'வரேன் வரேன்' என்கிறாய். மிளகுக்கு ஆறு வயதாகிவிட்டது. அத்தை என்றால் அவளுக்கு ஒரு தபால்தலைதான். போனில் பேசலாம் என்றால், மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் 'கேக்குதா, கேக்குதா' என்றே போய்விடுகிறது.

டிப்போவில் அடுத்த வருஷத்து விடுமுறைப் பலகையை மாட்டிவிட்டார்கள். கோடைக்காலம் முழுக்க மூத்த ஓட்டுநர்களுக்கு. ஆறு வருஷம் டிராம் ஓட்டியும் அந்தப் பலகைக்கு முன்னால் நான் கைக்குழந்தைதான். ஆனால் ஜனவரி பின்பாதியில் மூன்று வாரம் சீந்துவார் இல்லாமல் கிடக்கிறது. நீங்கள் வருவதற்கு அதைவிட நல்ல சமயம் இல்லை. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவில் பிள்ளைகள் பலகையில் உட்கார்ந்து சறுக்குவார்கள். தண்டவாளத்தின் மேல் புதுப்பனி கிடக்கும்போது டிராம் போகிற சத்தமே கேட்காது. பனியைப் பார்க்காமல் இந்த நாட்டுக்கு வந்துபோவது, கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாமல் போவது மாதிரி.

நவம்பர் முடிவதற்குள் பலகையில் பெயர் எழுத வேண்டும். சரி என்று ஒரு வரி போடு. அத்தானுக்கு என் வணக்கம்.

உன் பதிலுக்காக வாசல் கதவில் ஒரு காதை வைத்திருக்கும்,
தம்பி

*

அக்டோபர் 22

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியமாகவே இருக்கிறோம். முழங்கால் சரியாகிவிட்டது. மிளகின் பல் கதையை அத்தானிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பல்லைப் பாக்கவாவது போகணும்" என்றார். நீ எழுதியதைக் கேட்ட அன்றைக்கே கடைக்குப் போய்க் கம்பளித் தொப்பி வாங்கிவந்து, மின்விசிறிக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வியர்த்து வழிகிறது, கழற்ற மாட்டேன் என்கிறார்.

உன்னிடம் சில விஷயம் கேட்க வேண்டும். ஜனவரியில் அங்கே எத்தனை மணிக்கு விடியும், எத்தனை மணிக்கு இருட்டும்? வருஷத்தில் எந்த மாதம் வெளிச்சம் அதிகம்? தெருவிளக்குகள் நெருக்கமாக இருக்குமா? உங்கள் கட்டடத்தில் எத்தனை படி, லிப்ட் உண்டா?

இன்னொன்று. இருட்டு நேரத்தில் டிராம் ஓட்டும்போது உனக்குச் சிரமம் ஏதும் இல்லையே? வேலைக்குச் சேர்ந்தபோது கண்ணைப் பரிசோதித்தார்களா? எழுத்துப் பலகையை மட்டும் படிக்கச் சொன்னார்களா, பக்கவாட்டில் எதுவரை தெரிகிறது என்றும் பார்த்தார்களா? நாள் முழுக்க ரத்த அணுக்களை எண்ணுகிறவள் அல்லவா, எதையும் எண்ணிப் பார்த்துத்தான் பழக்கம்.

வேலையில் ஒரு மாறுதல். மாலை ஷிப்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தாறு வயதுக்கு மேல் எதற்கு. என் மைக்ராஸ்கோப்பையும் ஜன்னல் ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. மிளகுக்கு, மீதிப் பற்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி ஒரு முத்தம்.

எப்போதும் உன் நினைவோடு,
அக்கா

*

நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். எனக்கு லேசான ஜலதோஷம், அதை நான் நோயாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் இருவரின் சுகத்துக்கும் எழுது.

சுற்றுலா வருகிறவள் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் கேட்பாள். நீ விளக்குக் கம்பத்தை எண்ணச் சொல்கிறாய். சரி, கேள். ஜனவரியில் ஒன்பது மணிக்கு விடியும், மூன்றரைக்கு இருட்டிவிடும். ஆனால் பயப்படாதே. விளக்குகள் நிறைய. கீழே பனி கிடந்தால் அதுவே வெளிச்சம் கொடுக்கும். வீடு நான்காம் மாடி, லிப்ட் கிடையாது, எழுபத்திரண்டு படி.

வெளிச்சம் அதிகம் ஜூனில்தான். அப்போது இருட்டே வராது என்று வைத்துக்கொள். ஆனால் அது ஒரு அவஸ்தை. ராத்திரி பதினொரு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் வேலிக்குப் பெயிண்ட் அடிப்பார். கனத்த திரை போடாமல் தூங்க முடியாது. கொசு வேறு. எல்லாவற்றுக்கும் மேலே, ஜூனில் எனக்கு லீவு கிடைக்காது. காலை நாலரைக்கு முதல் வண்டியை எடுக்கிறவன், வந்த அக்காவை எப்படிச் சுற்றிக் காட்டுவது?

கண் பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தாய். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தேன், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். நீ என்ன, திடீரென்று போக்குவரத்து அதிகாரி ஆகிவிட்டாயா?

ஜனவரி என்று முடிவு செய். பலகையில் இன்னும் இடம் இருக்கிறது.

ஒரே வரியில் 'சரி' என்று எழுதத் தெரியாத அக்காவின்,
தம்பி

*

நவம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு,

ஜலதோஷம் விட்டதா? வெந்நீர் குடி. இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

ஜனவரி வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது, அத்தானுக்கும் மூட்டுவலி. ஆய்வுக்கூடத்திலும் வருஷ ஆரம்பத்தில் லீவு தருவது கஷ்டம். வருவதானால் ஜூனில் வருகிறோம். நீ வேலைக்குப் போ, நாங்கள் வீட்டில் மிளகோடு இருக்கிறோம். எங்களுக்குச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றில்லை.

சும்மா ஒன்று கேட்கிறேன், சிரிக்காமல் பதில் எழுது. படம் ஆரம்பித்த பிறகு தியேட்டருக்குள் போனால், தடவாமல் உன் இருக்கையைக் கண்டுபிடிப்பாயா? நடக்கும்போது கதவுநிலை, மேஜை முனை இவற்றில் தோள் இடிக்கிறதா? மிளகு உன் காலடியில் உட்கார்ந்திருந்தால் குனியாமலே தெரிகிறதா?

பதில் எழுது. கட்டாயம் எழுது.

அக்கா

*

டிசம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு எல்லோரும் பரவாயில்லை. மனசுதான் கொஞ்சம் சரியில்லை.

முதலில் உன்மேல் வருத்தம். அத்தானுக்கு மூட்டுவலி என்கிறாய். போன மாதம் அவர் எனக்குத் தனியாக எழுதிய கார்டில், பனியில் சறுக்குகிற பலகையில் பெரியவர்கள் உட்காரலாமா என்று கேட்டிருந்தார். உனக்கு வர இஷ்டம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடேன். அந்த மூன்று வாரத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

இரண்டாவது, உன்னிடம்தான் சொல்ல முடியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு மணி இருக்கும். நன்றாக இருட்டிவிட்டது. கடைசிக்கு முந்தின நிறுத்தத்தை நெருங்கும்போது, கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தார். அவரை நான் பார்க்கவில்லை அக்கா. கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தார். பிரேக்கை முழுக்க அழுத்தினேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டிக்குள் நின்றிருந்த ஒரு வயதான அம்மா விழுந்து மணிக்கட்டு விரிசல் விட்டுவிட்டது.

டிப்போ மேலாளர், "டிசம்பர் வந்தா எல்லாருக்கும் ஒரு தடவை இப்படி ஆகும், மனச விடாத" என்றார். விசாரணை நடக்கிறது. ஒரு வாரம் உட்காரவைத்துப் பிறகு வண்டி கொடுத்துவிட்டார்கள். கண்ணுக்கு நேரே நின்றவர் ஏன் எனக்குத் தெரியவில்லை என்பதுதான் புரியவில்லை. அந்த அம்மா ஆஸ்பத்திரி வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

நீ கேட்டவற்றுக்குப் பதில்: தியேட்டருக்குப் போய் நாலு வருஷமாயிற்று. தோள் எல்லோருக்கும்தான் இடிக்கும்.

தம்பி

*

ஜனவரி 1

என் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் உன் வீட்டுக்காரியும் இருக்கட்டும்.

எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று வருஷமாகத் தெரியும்.

ஆரம்பம் ஒரு சினிமா தியேட்டரில். படம் தொடங்கிவிட்டது, அத்தானுக்குப் பின்னால் போனவள் முன்பின் தெரியாத ஒருவர் மடியில் உட்கார்ந்துவிட்டேன். அத்தான் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு ஒரு நாள் மின்சாரம் போனபோது, சொந்த வீட்டில் சமையலறையிலிருந்து வாசலுக்கு வர என்னால் முடியவில்லை. அவர் டார்ச்சோடு வந்து பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

கண் டாக்டர் ஒரு நாள் முழுக்கச் சோதித்தார். விழித்திரை ஓரத்திலிருந்து உள்ளே நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டு வருகிறதாம். முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பக்கவாட்டில் தெரியாது. நடுவில் மட்டும் ரொம்ப நாள் தெளிவாக இருக்கும். அதனால்தான் மைக்ராஸ்கோப்பில் ஒரு அணுவைக்கூடத் தவறவிடாதவளுக்குப் பக்கத்தில் கிடக்கிற ஸ்டூல் தெரிவதில்லை. ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. மருந்து இல்லை. மெதுவாகத்தான் போகும். எவ்வளவு மெதுவாக என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

எழுந்து வரும்போது அவர் கேட்டார்: "கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களாம்மா?"

"ஒரு தம்பி."

"அவரையும் ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. அப்பா அம்மாவுக்கு இல்லாட்டியும் பிள்ளைங்களுக்கு வரலாம். நாலுல ஒருத்தருக்கு."

அன்று மாலை வீட்டுக்கு வந்தால், வாசலில் உன் கடிதம். டிராம் ஓட்டுகிற வேலை நிரந்தரமாகிவிட்டது, வீடு கிடைத்துவிட்டது, மிளகை நர்சரியில் சேர்த்தாயிற்று என்று நாலு பக்கம் எழுதியிருந்தாய். சீருடையில் நின்று எடுத்த போட்டோவும் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, உன் வேலையை என் வாயால் பறிக்க எனக்கு மனசு வரவில்லை. நாலில் ஒருவருக்குத்தானே, இவனுக்கு இருக்காது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்புறம் ஒவ்வொரு கடிதத்திலும் உன்னை வேவு பார்த்தேன். எங்கேயாவது தடுக்கினாயா, எதையாவது இடித்தாயா என்று தேடித் தேடிப் படித்தேன். நீ எழுதாததை நானாக இட்டு நிரப்பிக்கொண்டேன்.

அது தப்பு. உன் வண்டியில் தினமும் எத்தனை பேர் ஏறுகிறார்கள். அந்த அம்மாவின் மணிக்கட்டில் என் பங்கும் இருக்கிறது.

தம்பி, இதைப் படித்த பிறகு, பரிசோதனை செய்யாமல் வண்டியில் ஏறாதே. எழுத்துப் பலகை போதாது என்று சொல். பக்கப்பார்வையையும் விழித்திரையையும் பார்க்கச் சொல். மிளகுக்கும் ஒரு தடவை பார்த்துவிடு.

ஜூன் ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும். இருட்டில் என்னால் உன் வீட்டுப் படி ஏற முடியாது.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. எழுதித் திட்டு, பேசாமல் மட்டும் இருக்காதே.

அக்கா

*

பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

என் கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். உன் வீட்டுக்காரிதான் எடுத்தாள். "அவரு நல்லா இருக்காரு அண்ணி. குளிச்சிட்டிருக்காரு" என்றாள். மறுபடி அரைமணி கழித்துச் செய்தேன். அப்போதும் குளித்துக்கொண்டிருந்தாய்.

தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே எனக்கு அவர் சைக்கிள் மணி கேட்கிறது. மூன்று வீடு தள்ளி நின்று மின்சார பில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஒரு வெற்றுத்தாளை மடித்து அனுப்பினாலும் போதும்.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்கா,

எனக்கு இல்லை. மிளகுக்கும் இல்லை. முதலில் இதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடி, பிறகு மீதியைப் படி.

உன் கடிதம் ஜனவரி பதிமூன்றாம் தேதி வந்தது. மறுநாள் காலை நாலு மணிக்கு டிப்போவுக்குப் போய் மேலாளர் முன்னால் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். "சரி, சாயந்தரம் பேசலாம், இப்ப ஒரு நடை ஓட்டிட்டு வாயேன். ஆள் இல்ல" என்றார். "இல்ல சார், இன்னிக்கு நான் ஏற மாட்டேன்" என்றேன். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

கண் டாக்டரைப் பார்க்க ஐந்து வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை, பயணிகள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களைப் பதிவு செய்கிற அறையில் போட்டார்கள். பெரும்பாலும் ஒற்றைக் கையுறை. ஒரு நாள் ஒரு பல்செட் வந்தது. அதைத் தேடி யாரும் வரவில்லை. அந்த ஆள் எப்படிச் சாப்பிடுகிறார் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன், பிறகு ஏனோ அழுகை வந்துவிட்டது.

வீட்டில் தினமும் சோதனைதான். இவள் எனக்குப் பின்னால் நின்று கரண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்த்துவாள். "தெரியுதா?" "தெரியுது." "இப்ப?" "தெரியுது." "பொய் சொல்றீங்க, நான் இன்னும் கரண்டிய எடுக்கவே இல்ல." மிளகுக்கு அது விளையாட்டு, அவளும் வரிசையில் நிற்பாள். அவள் "தெரியுது, தெரியுது" என்று கத்தும்போதெல்லாம் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம்.

அந்த நாட்களில் உனக்கு என்ன எழுதுவது? தெரியாது என்று எழுதவா? போன் வந்தபோது நான் குளிக்கவில்லை. குளியலறையில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். பேசினால் உடைந்துவிடுவேன் என்று பயம்.

நேற்றுத்தான் எனக்கும் மிளகுக்கும் பரிசோதனை நடந்தது. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு இருட்டறையில் நாற்பது நிமிடம். கடைசியில் சொட்டுமருந்து விட்டு உள்ளே பார்த்தார்கள். டாக்டரம்மா, "உங்க கண்ணுலயும் பாப்பா கண்ணுலயும் ஒரு குறையும் இல்ல" என்றார். நான் நம்பவில்லை. அந்த டிசம்பர் சம்பவத்தைச் சொன்னேன். "கறுப்புக் கோட்டு, கறுப்புத் தெரு. நானா இருந்தாலும் பாத்திருக்க மாட்டேன்" என்றார். விசாரணையிலும் அதுதான் வந்திருக்கிறது. அந்த நிறுத்தத்தில் விளக்கு பதினோரு நாளாக எரியவில்லையாம். அந்த அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மணிக்கட்டு கூடிவிட்டது.

இனி உன்மேல் இருக்கிற கோபம். எனக்காக மறைத்தாய் என்பது புரிகிறது. ஆனால் அதை மறைப்பதற்காக உன் கண்ணையும் என்னிடம் மறைத்தாய் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்று வருஷமாக நான் உனக்குப் பனியைப் பற்றியும் மிளகின் பல்லைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். கூடப்பிறந்தவன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறேன்?

போதும். அழுதுவிட்டேன், ஆறிவிட்டது.

ஒரு நல்ல செய்தி. இன்று டிப்போவில் எல்லோரும் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள், சொன்னேன். அக்காவைப் பற்றியும் சொன்னேன், ஜூன் ஏன் வேண்டும் என்பதையும். எங்களில் மூத்தவர் ஒரு பெண் ஓட்டுநர், முப்பது வருஷ சர்வீஸ். வருஷம் தவறாமல் ஜூன் அவருக்குத்தான். காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பலகைக்குப் போனார், தன் பெயரை விரலாலேயே அழித்தார். "எனக்கு ஜூன நல்லாத் தெரியும். உங்கக்கா பாக்கட்டும்" என்றார். நான் நன்றி சொல்வதற்குள் அவருடைய வண்டி கிளம்பிவிட்டது.

ஜூன் பத்தாம் தேதியிலிருந்து மூன்று வாரம். அதில் முதல் வாரம் மட்டும் ஆள் இல்லை என்று காலை வேலை போட்டிருக்கிறார்கள், மற்றபடி நான் உன்னோடுதான். சரி என்று ஒரு வரி போடு.

தம்பி

*

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

சரி.

அந்த ஒரு வரியோடு நிறுத்தியிருப்பேன், அத்தான்தான் அது தபால்தலைக்குச் செய்கிற துரோகம் என்கிறார். நாங்கள் இருவரும் சுகம். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வார்த்தையை மனசறிந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வாசல் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டே படித்தேன். முதல் வரிக்குப் பிறகு எழுத்து தெரியவில்லை. பயந்துவிடாதே, கண்ணீர்தான். மீதியை அத்தான் சத்தமாகப் படித்தார். நீ திட்டின இடத்தில் நிறுத்திக் கடிதத்தைக் கீழே இறக்கினார். "இத நான் சொல்லியிருக்கணும் உன்கிட்ட" என்றார். நீ திட்டியது சரிதான்.

நானும் ஒன்று செய்தேன். ஆய்வுக்கூடத் தலைவரிடம் என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வேலையை விடச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு ஸ்லைடை எடுத்துக் கொடுத்து, "எண்ணுங்க" என்றார். எண்ணினேன். தானும் எண்ணினார். "நீங்க சொன்னதுதான் சரி. எனக்குத்தான் ஒண்ணு விட்டுப்போச்சு. உக்காந்து வேலையப் பாருங்க" என்றார். ஸ்டூல்களை எல்லாம் சுவரோரமாக வைக்க உத்தரவு போட்டிருக்கிறார். கோல் வைத்து நடக்கச் சொல்லித்தருகிற வகுப்பு ஒன்று ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. ஏப்ரலில் சேருகிறேன்.

உன் வண்டி உன்னிடம் வந்துவிட்டதா? அந்த மூத்த ஓட்டுநருக்கு என்ன கொண்டுவரலாம், எழுது.

உன் வீட்டுக்காரியிடம் சொல், கரண்டியைப் பிடித்த அந்தக் கைக்கு அண்ணி வந்து முத்தம் கொடுப்பாள் என்று.

அக்கா

*

மே 16

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இங்கே எல்லோரும் ஆனந்தமாக இருக்கிறோம், அதனால் யாருக்கும் ஒரு வேலையும் ஓடவில்லை. வண்டி திரும்பக் கிடைத்துவிட்டது. எழுபத்திரண்டு படிகளின் விளிம்பிலும் மஞ்சள் பட்டை ஒட்டச் சொல்லிக் கட்டடக்காரரிடம் கேட்டேன், மறுநாளே ஒட்டிவிட்டார். இப்போது கீழ்வீட்டுத் தாத்தாவும் எனக்குத்தான் நன்றி சொல்கிறார்.

விமான நிலையத்தில் நானே நிற்பேன். நீ யாரையும் தேட வேண்டாம், அசையாமல் நில், நான் தேடி வருகிறேன். அந்த ஓட்டுநரம்மாவுக்கு ஒன்றும் வேண்டாமாம். உன்னை ஒரு நடை தன் வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான் என்கிறார்.

மிளகு உன்னைப் படம் வரைந்திருக்கிறாள். இரண்டு கண்ணும் தட்டு அளவுக்கு.

தம்பி

*

ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். அத்தானுக்கு இன்னும் அந்த ஊர் நேரம்தான், பகலில் தூங்கி வழிகிறார். நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? மிளகு சிநேகிதிகளிடம் என்னைப் பற்றிச் சொன்னாளா?

நீ காட்டியதை எல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

வந்து நாலாம் நாள். உனக்கு விடிகாலை வண்டி, எட்டு மணிக்கே படுத்துவிட்டாய். மற்றவர்களும் கனத்த திரைக்குப் பின்னால் தூங்கிவிட்டார்கள். சமையலறைக் கடிகாரத்தில் பத்தே முக்கால். வெளியே நம் ஊரில் மாலை ஐந்து மணிக்கு இருக்கிற வெளிச்சம். நான் சாவியை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் படி இறங்கினேன். தனியாக. மூன்று வருஷமாக விளக்கு வைத்த பிறகு ஒருவர் கையைப் பிடிக்காமல் நான் வாசல் தாண்டியதில்லை.

தெருவில் யாரும் இல்லை. மூடியிருந்த ரொட்டிக்கடை வரை போனேன். பிறகு இடப்பக்கம், தண்ணீர் தெரிகிற வரை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன், ஆனால் பார்த்ததெல்லாம் தெரிந்தது. ஒரு சைக்கிளின் கம்பிகளுடைய நிழல் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அதன் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

திரும்பலாம் என்று நினைத்தபோது பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். என் வயது இருக்கும். ஏதோ கேட்டாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கையிலிருந்த காகிதத்தை நீட்டினாள். அதில் உன் டிராமின் எண் இருந்தது.

"வாங்க" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, வந்தாள். ரொட்டிக்கடை, வளைவு, மருந்துக்கடை என்று நீ கூட்டிப்போன வழியாகவே நிறுத்தத்துக்கு அழைத்துப் போனேன். பெட்டியின் சக்கரம் என் பின்னால் கடகடவென்று வந்துகொண்டே இருந்தது. மூன்று வருஷமாக நான் ஒருவர் பின்னால் போகிறவள். அன்று ஒருத்தி என் பின்னால் வந்தாள். வண்டி வருகிறவரை கூடவே நின்றேன். ஏறுவதற்கு முன்னால் என் இரண்டு கையையும் பிடித்து நீளமாக ஏதோ சொன்னாள். நானும் தமிழில் நீளமாகச் சொன்னேன். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம்.

திரும்பி வந்தால், படிக்கட்டில் அத்தான் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

"எங்க போன?"

"ஒருத்தங்களுக்கு வழி காட்டிட்டு வரேன்."

"வழியா? யாருக்கு?"

"இந்த ஊர்க்காரிக்கு."

என்னையே பார்த்தார். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார். கீழ்வீட்டுத் தாத்தா கதவைத் திறந்து பார்த்தது அதற்குத்தான். மறுநாள் தாத்தா சொல்லி நீ கேட்டபோது, ராத்திரிச் சத்தம் பூனை என்று நாங்கள் சொன்னது பொய்.

அடுத்த தடவை எப்போது வருகிறாய் என்று விமான நிலையத்தில் கேட்டாய். எழுதுகிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். குளிர்காலத்தில் வருகிறேன். வெளிச்சத்தைப் பார்த்தாயிற்று. இனி எனக்கு எந்த ஊரிலும் இருட்டு வரத்தான் போகிறது. அதை நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் நடந்து பார்க்க ஆசைப்படுகிறேன். பனியில் டிராம் சத்தமில்லாமல் போகும் என்றாயே, அதைக் கேட்பதற்குக் கண் எதற்கு? அத்தான் தொப்பி விஷயத்தில் முந்திக்கொண்டுவிட்டார், எனக்கு ஒன்று அங்கேயே வாங்கி வை.

கோல் வகுப்பில் என்னை இரண்டாம் கட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதாவது தெரு, மாலை நேரம், தனியாக. இந்தக் கடிதத்தை நானே தபால்பெட்டியில் போடப் போகிறேன். இருநூற்றுப் பத்து அடி. நேற்று ஒத்திகை பார்த்தேன். அத்தான் பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. அவர் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் வருவார். இதோ, செருப்பை மாட்டிக்கொண்டு, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கிறார்.

கிளம்புகிறேன்.

அக்கா